தபால்தலை ஒட்டாதவை

லிஸ்பனில், அல்ஃபாமா மேட்டில்,
டிராம் வளைந்து முனகும் முடுக்கில்
ஒரு சிவப்புத் தபால் பெட்டி.
காலை ஏழேகாலுக்கு ஒடெத் அதைத் திறப்பாள்.
கல்யாணப் பத்திரிகை, வக்கீல் நோட்டீஸ்,
தேனிலவுக்காரர்களின் கடற்கரைப் படங்கள்,
எல்லாவற்றுக்கும் அடியில்
காசு உருவப்பட்ட பர்ஸுகள்.

அந்த டிராமில் கைவைப்பவர்களுக்கு
இந்த மட்டும் மரியாதை உண்டு:
தாளை எடுத்துக்கொண்டு
தோலைத் தபாலில் போடுவார்கள்.

பதினெட்டு வருடமாய்
முகம் பார்க்காதவர்களின் உள்ளறைகளைப் பார்க்கிறாள்.
ஒரு கொரியாக்காரரின் கண்ணாடிச் சீட்டு.
நான்காய் மடித்த கருவின் ஸ்கேன்.
ஒரு ஜெர்மன் ஆசிரியையின் ஏடிஎம் அட்டையில்
ஒட்டியிருந்த துண்டுத்தாள், அதில் நாலு எண்கள்.
அன்றைக்கு மட்டும் கோபம் வந்தது.
"பூட்டோடு சாவியையும் தொங்கவிட்டு வந்தாயே அம்மா!"

மார்செய்யில் தங்கைக்கு இடுப்பில் அறுவை.
ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக எல்லை தாண்டுகிறாள்.
மூன்று இரவு தைத்தாள், பாவாடைக்குள் ஒரு பை.
அடையாள அட்டையின் நகல் பெட்டியடியில்,
இன்னொன்று பக்கத்து வீட்டு லுர்தெஸிடம்.
பணத்தை இரண்டாய்ப் பிரித்தாள், பிறகு மூன்றாய்,
பிறகு எது எங்கே என்று அவளுக்கே மறந்து
படுக்கையில் கொட்டி மறுபடி எண்ணினாள்.

கைப்பையில் ஒரு பொய்ப் பர்ஸ்.
இருபது யூரோ,
முகவரி உள்ள காலாவதியான நூலக அட்டை,
செத்துப்போன பூனையின் படம்.
திருடப்படுவதற்கென்றே அது.
ஒரு குறிப்பும், தனக்குத் தெரிந்த ஓட்டைப் பிரெஞ்சில்:
"காசு உங்களுக்கு. மீதியைத் தபால் பெட்டியில் போடுங்கள்.
மழையென்றால் துடைத்துவிட்டுப் போடுங்கள்,
மற்றவர்களின் கடிதங்கள் நனையும்."

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
அவளுக்கு மடியில் தையல்; உட்கார்ந்தால் குத்தியது.
இரவுப் பேருந்தின் குட்டிக் கழிப்பறையில்
எதை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியவில்லை.

சேன் ஷார்ல் நிலையத்தின் நெடும்படிகளில்
ஒரு சின்னப்பெண், பேச்சு வராதவள்போல,
அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள்.
அட்டைக்குக் கீழே இன்னொரு கை இருக்கும்,
ஒடெத்துக்குத் தெரியும்.
தெரிந்தும் பேனாவை வாங்கினாள்.
பெயரை முழுதாய், நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.
பல் பிடுங்குகையில் மரத்த ஈறு உணர்வதுபோல
கைப்பை லேசாவதை உணர்ந்தாள்.
எவ்வளவு சுத்தமான வேலை.
அந்த நகங்களில் பாதி உரிந்த பச்சைச் சாயம்.

இத்தனைக்கும் பிறகு
தங்கை வீட்டுக்குப் போன டாக்ஸிக்காரன்
மீட்டர் கெட்டுவிட்டதென்று எழுபது யூரோ வாங்கிக்கொண்டான்.
சிரித்த முகம், பெட்டியைக்கூட மாடிவரை தூக்கி வந்தான்.
அவனுக்கென்று அவள் எதுவும் தைத்திருக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து
லிஸ்பன் தபால் பிரிப்பறையில், அவள் மேஜைக்கே
ஒரு பழுப்பு உறை வந்தது.
நூலக அட்டை இருந்தது. பூனை இருந்தது.
இருபதை எடுத்திருந்தார்கள். குறிப்பையும்.

காசு சரி.
அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

தோலைத் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை.

பாவாடையின் பையை இன்னும் பிரிக்கவில்லை.
தன் சமையலறையில் வெங்காயம் நறுக்கும்போதும்
இடது கை தானாய் அங்கே போய்
தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது.