நாலாம் மாடி, மைனஸ் பதினொன்று

தார்த்து நகரில், விடியாத மூன்று மணிக்கு
அபாயமணி அலற
விடுதியின் நாலாம் மாடி முழுக்கப்
பனியில் வந்து நின்றது.

அதுவரை நாங்கள் வெறும் எண்கள்.
412 இரவெல்லாம் இருமும்.
409 என் பாலைத் திருடுகிறது என்று சந்தேகம்.

409 தூக்கி வந்தது
லேப்டாப் அல்ல, பாஸ்போர்ட் அல்ல,
ஒரு கள்ளிச்செடித் தொட்டி.
பெயர் ஹிமேனா, சிலேக்காரி.
பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதாம்.

412 என் வெறுங்காலைப் பார்த்தான்.
பேசாமல் தன் காலுறை ஒன்றை உருவித் தந்தான்.
க்வபெனா, கானாவிலிருந்து.
மாற்றி மாற்றி ஒற்றைக்காலில் நின்றோம்,
மீன் வராத குளத்துக் கொக்குகள்.

ரொட்டியைக் கருக்கியது யாரென்று
மூன்று மொழியில் கேட்டார் காப்பாளர் ஊர்வே.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

துவைத்த காலுறையோடு மறுநாள்
எண்ணைப் பார்க்காமல்
பெயரைச் சொல்லித் தட்டினேன்.
தப்பாகத்தான் சொன்னேன்.
உள்ளிருந்து முதலில் வந்தது
இருமல்.