முட்டுக்கட்டை

‘முட்டுக்கட்டை’ என்று அவனை எழுதியது நான்தான்.
ஜேர்மன் மொழியிலும் அதே சொல், அதே வசை.
அகராதி தேவைப்படவில்லை.
பதினான்கு பேர் கையெழுத்திட்டார்கள்.
கமில் மட்டும் “கொஞ்சம் கடுமை” என்றான்,
பிறகு அவனும் போட்டான்.

ஹெனிங் ஒஸன்பிரிங்க்.
லிப்பே ஆற்றின் நீர்மட்டம் படிக்கும் நிரலைப்
பதினொரு வருடம் முன்
ஹம் நகரில், சமையலறை மேசையில் தொடங்கியவன்.
யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று
முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தவன்.
திருத்திக் கொடுத்தால்
ஏழு மாதம் ஏறெடுத்தும் பாராதவன்.
சாவி ஒன்று. அதுவும் அவன் இடுப்பில்.

என் மூன்று வரிகளுக்கு
எட்டாம் மாதம் வந்தது ஒரே கேள்வி:
“ஆறு உறைந்தால்?”
வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை.

பிரிந்தோம்.

காணி பிரித்த சகோதரர்களை அறிவேன்.
வேலிக் கதியால் ஓர் இரவில் ஒரு சாண் நகரும்.
இது அப்படியல்ல:
முழுக் கிணறும் அவனுக்கு,
முழுக் கிணறும் எங்களுக்கு,
ஒரு வாளி தண்ணீர்கூடக் குறையவில்லை.
பிறகும் ஏன்
வழக்கில் தோற்றவர்கள் மாதிரி
இரு பக்கமும் நித்திரை கெட்டுக் கிடந்தோம்?

புதுப் பெயர், புதுச் சின்னம்,
டோர்ட்முண்டில் பீட்சாவும் வாக்கெடுப்பும்.
காத்துக்கிடந்ததெல்லாம் ஒரே கிழமையில் உள்ளே.
கேள்வி கேட்க ஆளில்லாத வேகம்
எவ்வளவு இனித்தது என்பதையும்
எழுதத்தான் வேண்டும்.

தை மாதம். மைனஸ் பதினொன்று.
அளவுகோலைச் சுற்றி ஆறு கல்லானது.
என் மூன்று வரிகள்
லிப்பே வற்றிவிட்டதென்று
நான்கு நகரசபைகளுக்கு அறிவித்தன.
தீயணைப்புப் படையிலிருந்து ஒரு பெண்
தொலைபேசியில் கேட்டாள்:
“ஆறு எங்கே போனது?”
சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஆனியில், தொழிற்சாலைகளுக்கு நடுவே தேர்.
வடத்தில் நூறு பேர்,
ஒரு கையில் போன், வாயில் அரோகரா.
நான் வடம் பிடிக்கவில்லை, சக்கரத்தோடு நடந்தேன்.
கட்டை போடுகிறவர்
வேலைத்தலச் சப்பாத்தோடு குனிந்தே வந்தார்,
தேரை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.
மூலையில் அவர் சரித்து வைத்த கட்டைதான்
தேரைத் திருப்பியது.
நூறு பேரும் நேரேதான் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சந்தியில்
அதே ஆள் எடுக்க மறந்த கட்டையில்
தேர் கால் மணிநேரம் நின்றதும் உண்மை.
எல்லோரும் ஏசினார்கள். நானும்.

அன்றிரவு ஹெனிங்குக்கு அரைப்பக்கம் எழுதினேன்.
மன்னிப்பு என்ற சொல்லை
இருமுறை அழித்து, மூன்றாம் முறை விட்டுவைத்தேன்.
சாவி விஷயத்தையும் எழுதினேன்,
அதை அழிக்கவில்லை.

விடியப் பதில் வந்திருந்தது:
“மூன்றாம் வரியில் திகதி பிழை.
உறைந்தது ஒன்பதாம் திகதி அல்ல, எட்டு.”

திருத்தினேன்.