எர்த் குழிக்கு ஒரு குடம்

பாகாயத்தில் குவார்ட்டர்ஸைக் காலிசெய்த டாக்டர் வீட்டில்
யாருக்கும் வேண்டாமல் நின்றிருந்தது.
மூவாயிரத்து இருநூறு சொன்னார்கள், மூன்றுக்கு முடித்தேன்.
ஆட்டோவுக்கு முந்நூறு.
இறக்கியதும் எதிர்வீட்டு மெர்சி கேட்டாள்:
"பீரோவா?"

அடுப்பு.
தலையில் நான்கு தட்டு, வயிற்றில் ஓர் அவன்.
சுவரில் சாயாமல் சொந்தக் காலில் நிற்பது.
சொந்தக் காலில் நிற்கிற எதைக் கண்டாலும்
ஒரு சங்கிலி போடத்தான் சொல்வார்கள்.
மக்பூலும் அதையே சொன்னான்.
கீழ்க்கதவைத் திறந்து பிள்ளை ஒரு கால் வைத்தால் போதுமாம்,
மொத்தமும் முன்னால் கவிழுமாம்,
மேலே கொதிக்கிற பாலோடு.
இந்த ஒரு சங்கிலிக்கு மட்டும்
நான் மறுபேச்சு பேசவில்லை.

"தனி லைன் வோணும்க்கா.
ஃபிரிட்ஜ் பிளக்குல சொருவுனா
பன்னுக்கு முன்னாடி வயரு வெந்துடும்."

கேஸ் நெருப்புக்கு நாக்கு உண்டு, நீலமாய்ப் பேசும்.
இந்தக் கறுப்புத் தட்டு
அணைத்த பிறகும் அரைமணி நேரம்
முகத்தில் ஒன்றும் காட்டாமல் கோபத்தை வைத்திருக்கும்,
என் மாமனார் மாதிரி.
முதல் வாரமே உள்ளங்கையில் ஒரு பிறை வாங்கினேன்.
அன்றிலிருந்து சுவிட்சைப் போடும்போது
சிவப்பு வளையலைக் கழற்றிப் பக்கத்து ஆணியில் மாட்டுகிறேன்.
தட்டு ஆறினால்தான் அது கைக்குத் திரும்பும்.
பள்ளிவிட்டு வரும் ஷெரின்
முதலில் ஆணியைப் பார்ப்பாள், பிறகுதான் என்னை.

ஞாயிறு, ஆராதனை முடிந்து,
பியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு
தலையை அவனுக்குள் விட்டுத் துடைப்பேன்.
கதவு ரப்பரில் விரிசல் இருக்கிறதா,
மூலையில் வெண்ணெய் கருகியிருக்கிறதா.
இடுப்பில் கட்டை குத்தும்.
குத்தினால் நிம்மதி.

மே மாதம் விரலில் எறும்பு ஊர்ந்தது.
அடுப்பின் பக்கவாட்டைத் தொடும்போதெல்லாம்.
சர்க்கரையாக இருக்கும் என்று பயந்து
சாப்பிடாமல் போய் ரத்தம் கொடுத்தேன்.
நூற்றுநாற்பது ரூபாய், எல்லாம் நார்மல்.
மக்பூல் டெஸ்டரை அடுப்பின் உடம்பில் வைத்தான்.
பட்டப்பகலில் பல்பு எரிந்தது.
முதல் வேலையாக மெயினை இறக்கினான்.

"எலிமெண்ட் கசியுது, அது மாத்திடலாம்.
ஆனா எர்த் செத்துப்போச்சுக்கா."

பின்சுவர் ஓரம் குழியைத் தோண்டினோம்.
கரி, உப்பு, நடுவில் குழாய்.
மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது.
"பாலாத்துலயே ஈரம் இல்ல,
உன் குழியில எங்கருந்து வரும்?"
புது உப்பு போட்டான், புதுக் கரி,
அதிர்ச்சி வந்தால் தானே விழுகிற ஒரு பெட்டி.
ஆயிரத்து எண்ணூறு.
போகும்போது சொன்னான்:
"வெயில் முடியற வரைக்கும் தெனம் ஒரு குடம்."

எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில்
தினம் ஒரு குடம்.
அரிசி களைந்தது, பாத்திரம் அலசியது,
ஷெரின் குளித்து மிச்சம் வைத்தது.
கள்ளத்தனமாகத்தான் ஊற்றினேன், விடிவதற்கு முன்.
மெர்சி மொட்டைமாடியிலிருந்து பார்த்துவிட்டாள்.
"செடியே இல்லாத குழாய்க்கு
யாராவது தண்ணி ஊத்துவாங்களா?
டேங்கர்காரன் என்ன உன் அத்தை மவனா?"
மூன்று நாள் பேசவில்லை.

நான்காம் நாள் காலை கதவைத் தட்டினாள்,
ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி.
"வாஷிங் மெஷினைத் தொட்டா
எறும்பு கடிக்கிற மாதிரி கீது.
எங்க வீட்ல அந்தக் குழி எங்க இருக்கும்?"

போய்த் தேடினோம்.
அவள் வீட்டுக்காரர் போன வருஷம்
கொல்லை முழுக்க டைல்ஸ் போட்டிருந்தார்,
மாம்பழ நிறத்தில், வழுவழுப்பாக.
மெயினை இறக்கிவிட்டு
இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து
ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

எது பொக்கென்று கேட்கும் தெரியவில்லை.
என் கையில் வளையல் இருக்கிறது.
பன் மாலையில் போட்டுக்கொள்ளலாம்.