பதினொன்று வரை

வாயைத் திறங்க என்றேன்.
திறந்தார் கலியமூர்த்தி.
உள்நாக்கைக் காணோம்.
நாக்கே மேடாக எழுந்து
வழியை மறித்துக் கிடந்தது.
மோவாய்க்கும் குரல்வளைக்கும் நடுவே
என் மூன்று விரல் நிற்க வேண்டிய இடத்தில்
இரண்டுதான் நின்றன.

"ராத்திரி மூச்சு நிக்கும் டாக்டர்," என்றார் மனைவி,
கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.
"குறட்டையில நல்லாத் தூங்குவேன்.
நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்.
இருபது வரை எண்ணுவேன்,
அப்புறம் இடது தோள்ல ஒரு தட்டு.
வலது தோளுக்கு அசைய மாட்டார்."
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்: இடது.

ஈசூன், காலை எட்டே கால்.
பாசிர் பாஞ்சாங்கில் முப்பது வருடம்
கிரேன் ஓட்டிய உடம்பை
இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தோம்.
ஊசிக்குழலில் வெள்ளை மருந்தைப் பார்த்துவிட்டார்.
"பால் ஊத்துறீங்களா?"
தாதி நூராய்னிக்குப் புரியவில்லை,
அவர் சிரித்ததால் சிரித்தாள்.
இன்னிக்கு இல்லை என்றேன்.

சொட்டுச் சொட்டாகத்தான் கொடுத்தேன்.
தொண்டை என்பது வீவக தாழ்வாரம்,
எதிரெதிரே இருவர் வந்தால்
ஒருவர் ஒதுங்க வேண்டும்.
குழாய் போனது.
காற்று ஒதுங்கி நின்றது.

திரையில் மேடு மேடாக ஓடிய மூச்சு
கோடானது.
ஆக்ஸிஜன் எண் மட்டும் தொண்ணூற்றெட்டில்,
அதற்கு எப்போதும் சேதி தாமதமாகத்தான் போகும்.
டாக்டர் லிம் இரைப்பைக்குள்
ஒரு சிறு புண்ணைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.
நிறுத்துங்க என்றேன்.
தாடையை முன்னே தள்ளினேன்.
நான்கு. ஐந்து.
கருவி வண்டி திறந்தே இருந்தது,
கழுத்துக்கான கத்தி கடைசித் தட்டில்.
பார்க்காததுபோல் பார்த்தேன்.
ஒன்பது.
இடது தோள் அடியில் அல்லவா இருக்கிறது!
மெத்தைக்கும் அவருக்கும் நடுவே கையை நுழைத்து
ஒரு தட்டு.

பதினொன்றில் ஒரு மேடு,
கோணலாக.
பிறகு இன்னொன்று.

தாடையா, தட்டலா, தெரியாது.
அறிக்கையில் தாடை என்றே எழுதினேன்.

வெளியே அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.
"எத்தனை வரை எண்ணினீங்க?"
பதினொன்று.
மைலோ பொட்டலத்தில் உறிஞ்சியைக் குத்தியபடி
"அவசரப்பட்டுட்டீங்க," என்றார்.