மாப்பிள்ளைச் சொதி

நிச்சயம் பேச வந்த அன்று
குற்றாலிங்கம் பிள்ளை காபியை ஆற்றிக்கொண்டே
"நாங்களும் சைவம்தான், சேட்டம்மா" என்றார்.
சைவத்துக்குள் உருளைக்கிழங்கு உண்டு என்று
அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.

மறுவீட்டுச் சொதி பெண்வீட்டுப் பொறுப்பு.
தெற்கு ரத வீதியில்
எங்கள் அடகுக்கடை மாடிப்படி,
மண்ணுக்குள் விளைந்தது எதுவும்
அறுபது வருஷமாக ஏறாதது.
சாஞ்சோரில் ரயிலேறிய மாமனார் ஹஸ்திமல்
கொண்டுவந்தவை
ஒரு தராசு,
தண்ணீர் வடிகட்ட ஒரு வெள்ளைத்துணி,
பொழுது சாய்ந்தால் வாயைக் கட்டும் வழக்கம்.
தராசு இப்போது எலக்ட்ரானிக்.
துணி இன்னும் குழாய்மூக்கில் இருக்கிறது.

"புழுவுக்குப் பாவம் பார்க்கிய,
வட்டி கட்ட முடியாம நிக்காளே
அவளுக்குப் பார்த்தியாப்பா?"
பத்தாம் வகுப்பில் பிரேக்ஷா கேட்டாள்.
அன்று அவள் அப்பா
பொழுது சாயுமுன்பும் சாப்பிடவில்லை.
அடுத்த மாசம், தாலிக்கு மட்டும்
வட்டியில் கால் குறைந்தது.
நோட்டில் காரணம் எழுதவில்லை.

"கிழங்கில்லாம சொதியா?" சமையல்காரர் சிரித்தார்.
வாழைக்காய் போடச் சொன்னேன்.
கேரட் கூடாது.
இஞ்சிப் பச்சடிக்குப் பதில் சுக்கு.
சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது,
யாரிடமோ கடன் கேட்பதுபோல.

விடியுமுன் சம்பந்தி உலகம்மாள் வந்துவிட்டாள்.
சேலையைச் செருகிக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள்.
"எம் மருமக வீட்டு வழக்கம்.
ஒத்தக் கிழங்கு உள்ள வரப்படாது, ஆமா."
தேங்காய்ப்பால் பிழியத் துணி தேடியவள்
குழாயை அண்ணாந்து பார்த்தாள்.
துவைத்த துணி ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

பந்தியில் மாப்பிள்ளை பக்கத்தில் இருந்து
என் மகள் இலையைத் துழாவினாள்.
"ஏம்மா, சொதியில கிழங்கக் காணோம்?"
எல்லோருக்கும் கேட்டது.
என் கணவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார்.
உலகம்மாள் என்னைப் பார்த்தாள்.
நான் சுக்குப் பச்சடி வாளியோடு
அடுத்த இலைக்குப் போனேன்.

ராத்திரி போன் வந்தது.
"அம்மா, பொழுது சாஞ்சிட்டுன்னு
அத்தை எனக்குச் சோறு போடமாட்டேங்கா.
நீயாவது சொல்லு. பசிக்கி."

மணி ஏழே கால்.
எனக்கும் பசித்தது.