நாற்பத்தொரு கவடு

திருகோணமலையிலிருந்து கொழும்பு போகும் இரவு பஸ்.
கந்தளாய் தாண்டியதும் படம் போட்டார்கள்.
தங்கம் தேடி ஐந்து பேர் காட்டுக்குள் போகிறார்கள்.
பக்கத்து சீட்டுக்காரர் கச்சான் உரித்தபடி
"ஒருத்தன்தான் மிஞ்சுவான், பாருங்கோ" என்றார்.

கச்சான் என்றால் இவருக்குக் கடலை.
எங்களுக்கு அந்த ஆடியில் அது காற்று,
திரியாய்க்கு மேற்கே
குளத்துச் சேற்றை ஓடு ஓடாகக் கிளப்பிய காற்று.

திரையில் தாகமெடுத்தவர்கள் நிறையப் பேசுகிறார்கள்.
பொய்.
தாகத்தில் நாக்கு
வாய்க்குள் யாரோ கழற்றிவிட்டுப்போன செருப்பு.

நாங்கள் நாலு பேர்.
கிண்ணியா முகைதீன்பாவா
குருநாகலில் மெஷினை வாடகைக்கு எடுத்தான்,
நாளுக்கு முப்பதாயிரம்.
கோமரங்கடவல ஜயதிஸ்ஸ காடு தெரியும் என்றான்,
தெரிந்தது யானைவேலி மட்டும்தான்.
மண்வெட்டி மதியாபரணம்.
கணக்கு நான்.
சூரியனும் பிறையும் வெட்டிய கல்லில் கைவைத்து
நாலு சம பங்கு என்றோம்.
அதைத் தங்கம் என்பதா ரத்தரன் என்பதா என்று
எங்களில் எவனும் சண்டை பிடிக்கவில்லை.

மெஷின் முதலில் கத்திய இடத்தில்
முழங்கால் ஆழத்தில் ஷெல் துண்டு.
அடுத்த இடத்தில் இன்னொரு துண்டு.
பிறகு ஒரு தொப்பி, இரும்பு, ஓட்டையோடு.
யாருடையது என்று கேட்காமல்
பற்றைக்குள் எறிந்தான் ஜயதிஸ்ஸ.

மூன்றாம் நாள் தண்ணீர்க் கான் கவிழ்ந்தது.
மண் குடித்து முடிக்கும்வரை
நாலு பேரும் நின்று பார்த்தோம்.
பாவாவும் ஜயதிஸ்ஸவும் வடக்கே மடு தேடிப் போனார்கள்
(தப்பியவர்கள், இப்போது என்னோடு பேசுவதில்லை).
மதியாபரணம் பாலைப்பழம் தின்றான்.
பால் ஒட்டி உதடு பிரியவில்லை.
வீரை மரத்தில் சாய்ந்து
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.
இரும்புக்கு மெஷின் கரகரக்கும்.
இது மெலிந்து, நீண்டு,
காய்ச்சல் குழந்தை இரவில் அனுங்குவதுபோல.

சத்தத்தைக் குறைத்தேன்.
திரும்பிப் பார்த்தேன்.
அவனுக்குக் கேட்டதா, இன்றுவரை தெரியாது.
வீரையடிக்கு நடந்து
அங்கிருந்து கவடு வைத்து எண்ணினேன்,
மேற்கே நாற்பத்தொன்று.

என் தோள்பைக்குள், சாரத்தில் சுற்றி,
அரைப் போத்தல் தண்ணீர் இருந்தது.

இதைப் படத்தில் காட்டினால்
பக்கத்து சீட்டுக்காரர் நம்பமாட்டார்.

பொலிஸ் கேட்டபோது வேறு மரம் காட்டினேன்.
இரண்டு மைல் தெற்கே,
ஓடைக்கரையில் ஒரு முதிரை.
தடியால் பற்றை தட்டித் தேடினார்கள்.
கரடி இழுத்திருக்கும் என்று எழுதினார்கள்.
நான் கையெழுத்து வைத்தேன், வடிவாக.

அவன் மனைவி இராசமலர்
அந்த முதிரையடி மண்ணை
ஹோர்லிக்ஸ் போத்தலில் அள்ளிக்கொண்டு வந்தாள்.
கன்னியாவில் அந்தியேட்டி.
ஏழு கிணற்றுச் சுடுநீரும் வார்த்து அதைக் கரைத்தாள்.
ஐயருக்கு நான்தான் காசு கொடுத்தேன்.
கரைய நேரமெடுத்தது மண்,
நீருக்குள் கட்டி கட்டியாய் நின்று.
"அவர் எப்பவும் இப்படித்தான்,
லேசில வீட்டைவிட்டுப் போகமாட்டார்"
என்றாள்.

ஹபரணையில் பஸ் நின்றது.
வீதியில் யானை.
சாரதி லைட்டை அணைத்தான், படத்தையும்.
பாதி தோண்டிய குழிக்குள்
நின்றுவிட்டான் கதாநாயகன்.
இருட்டில் ஐம்பது பேரின் மூச்சு.
"என்ன முடிவோ" என்று
கச்சான் சரையை நீட்டினார் பக்கத்து சீட்டுக்காரர்.
எடுத்துக்கொண்டேன்.

நான் குருநாகலில் இறங்கவேண்டும்.
கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும்.
மெஷின் இப்போது
நாளுக்கு நாற்பத்தையாயிரமாம்.

இந்த முறை
தண்ணீர் இரண்டு கான் கொண்டுபோவேன்.