பதினேழாவது முள்

இருபத்திரண்டு முட்கள் குத்தியிருக்கிறேன் இந்தப் பூங்காவில்.
ஒரு சாண் ஆழம்.
தலையில் மட்டும் பொட்டளவு பச்சை விளக்கு.
மண் எவ்வளவு நனைந்திருக்கிறதென்று
அரை மணிக்கொரு தரம் என் ஃபோனுக்குச் சொல்லும்.
தாகமென்றால் இரவில் குழாய் தானே திறக்கும்,
போதுமென்றால் மூடும்.
நான் சம்பளம் வாங்குவது
இவை பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்ள.

பதினேழு மட்டும் பொய் சொன்னது.

பங்குனி. பெங்களூரில் லாரித் தண்ணீருக்குச் சண்டை.
சுற்றிலும் புல் காய்ந்து கோரைப்பாய் நிறமாகிவிட்டது.
இது மட்டும்
ஈரம், ஈரம், நல்ல ஈரம் என்கிறது.
பிடுங்கித் துடைத்தேன்.
பேட்டரி மாற்றினேன்.
கம்பெனிக்கு எழுதினேன்,
மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள்.
புதுப்பித்தபின்
இன்னும் துல்லியமாகப் பொய் சொன்னது,
தசம புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை.

இதற்கிடையில் நடைச் சங்கத்தின் ஸ்ரீகண்டையா வேறு.
தெற்கு மூலையில் புல் வெட்டுவதை நிறுத்திப் பதினான்கு மாதம்.
தோட்டமா காடா இது, பாம்பு வரும் என்று
மூன்று மனு.
வந்தவை சில்லைகள். பதினொன்று.
புல் விதையைக் கதிரோடு வளைத்துத் தின்றன.
அவரே படமெடுத்துச் சங்கத்தாருக்கெல்லாம் அனுப்பினார்.
மனுவைத் திரும்பப் பெறவில்லை.

ஒரு நாள் விடிவதற்கு முன்பே வந்து
மூங்கில் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்,
திருடனைப் பிடிப்பவன் போல.

ஹொன்னம்மா வந்தாள்.
தூங்குமூஞ்சி மரத்துச் சருகையெல்லாம் கூட்டி
கம்பிவலைக் கூண்டுக்கு இழுத்துப்போகிறவள்.
(முன்பு தீ வைப்பார்கள், ஐந்து நிமிட வேலை.
இப்போது எருவாக ஆறு மாதம், முதுகுவலி அவளுக்கு.)
துடைப்பத்தைச் சாய்த்தாள்.
பையிலிருந்து பாட்டிலை எடுத்து
பதினேழின் காலடியில்
பாதியைச் சரித்தாள்.

அங்கே ஒரு புங்கங்கன்று.
யாரும் நடாதது. நான்கு இலை.
என் வரைபடத்தில் இல்லாதது.

எழுந்து போய்க் கேட்டேன்.
இரவில்தான் குழாய் இருக்கிறதே, ஹொன்னம்மா?
அது குளித்த தண்ணீர் என்றாள்.

உண்மைதான். எதிர் அடுக்ககத்தின்
அறுநூறு குளியலறை நீர் அது.
கல்வாழை வேரிலும் நாணலிலும் நுழைந்து,
மணலில் இறங்கி,
சோப்பையும் தலைமுடியையும் வழியில் விட்டுவிட்டு வருகிறது.
பரிசோதனை அறிக்கையைக் காட்டினேன்.
வாங்கி, முத்திரையைப் பார்த்து,
காகிதத்தை முகர்ந்து திருப்பித் தந்தாள்.
அவள் தெருவில் நான்கு நாளுக்கொரு முறை காவிரி வரும்.
பாட்டிலில் இருந்தது அது.

பொய் சொன்னது முள் அல்ல.
ஒரு சாண் மண் அதற்குத் தெரிந்ததைச் சொன்னது.
அதைக் கேட்டுவிட்டு
அரை ஏக்கர் என்று எழுதிக்கொண்டவன் நான்.

நான்கடி தள்ளிக் குத்தினேன்.
பதிவேட்டில் 'பழுதின் காரணம்' என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை,
'கன்று' என்று எழுதினேன்.
மேலதிகாரி அதைப் பசுங்கன்று என்று படித்து
வேலி போட ஆள் அனுப்பினார்.
போடட்டும் என்று விட்டேன்.

அன்றிரவு பதினேழு வறட்சி என்றது.
குழாய் திறந்தது.
மறுநாள் காலை கன்று நனைந்து நின்றது.
வேலிக்கு வெளியிலிருந்து கையை நீட்டி
ஹொன்னம்மா ஓர் இலையைத் தொட்டாள்,
விரலை முகர்ந்தாள்.
வாடை இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

பிறகும் பாட்டிலைத் திறந்தாள்.
இம்முறை பாதியில்லை, ஒரு மூடி.
என்ன இது என்றேன்.

வாய் கொப்பளிக்க, என்றாள்.